அஜெண்டா யார் கையில்?

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே நம் வீட்டுச் சுவரில் ஒரு உதவியாளர் தொங்கிக்கொண்டிருந்தார். சிவகாசியில் அச்சான தினசரி காலண்டர்தான் அவர். காலையில் தாளைக் கிழித்தால் போதும். ராகு காலம், எமகண்டம், குளிகை எல்லாம் சொல்லிவிடுவார். ‘சூலம் கிழக்கு, பரிகாரம் தயிர்’ என்பார். கிழக்கே போகாதே, போய்த்தான் ஆக வேண்டும் என்றால் தயிர் சாப்பிட்டுவிட்டுப் போ என்று அர்த்தம். நம்புகிறோமோ இல்லையோ, ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் காலண்டர் தேதியோடு நிற்கவில்லை. அந்தத் தேதிக்கு எப்படித் தயாராவது என்றும் சொன்னது.

இப்போது அதே வேலைக்குப் புது ஆள் வந்திருக்கிறார்.

செல்போனில் இருக்கும் காலண்டரை ஒரு ஏ.ஐ. உதவியாளரோடு இணைத்துவிட வேண்டியது. பத்தரை மணிக்கு மீட்டிங் என்றால் பத்து மணிக்கே ஒரு பக்கக் குறிப்பு வந்து நிற்கும். யார் யார் வருகிறார்கள், போன மீட்டிங்கில் என்ன பேசினீர்கள், எந்த மெயிலுக்கு இன்னும் பதில் போடவில்லை, இன்று என்ன கேள்வி கேட்கலாம்... எல்லாம் ரெடி. கூகுளின் ஜெமினி, மைக்ரோசாஃப்டின் கோபைலட் என்று பெரிய கம்பெனிகள் எல்லாமே இந்தக் கடையை விரித்திருக்கின்றன. மேனேஜருக்கு ஜாலி. எதையும் படிக்காமலே படித்த மாதிரி மீட்டிங்கில் உட்காரலாம்.

வசதிதான். நான் மறுக்கவில்லை. ஆனால் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. மீட்டிங்குக்கு இந்த மெஷின் யாரைத் தயார் செய்கிறது?

நாற்காலியில் உட்காருபவரையா, எதிரே தரையில் உட்காருபவரையா?

*

நகரத்து ஆபீஸ் மீட்டிங்கை விடுங்கள். அங்கே எல்லோர் கையிலும் லேப்டாப் இருக்கிறது. கொஞ்சம் சேந்தமங்கலம் பக்கம் போவோம்.

நாமக்கல் மாவட்டம், கொல்லிமலை அடிவாரம். ஊர் பேரூராட்சி. சுற்றிலும் கிராம ஊராட்சிகள். காரவள்ளியில் மலைப்பாதை ஆரம்பித்து, 70 கொண்டை ஊசி வளைவுகள் தாண்டினால் கொல்லிமலை. அங்கே 14 ஊராட்சிகள். தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டிருக்கும் சட்டமன்றத் தொகுதிகள் இரண்டே இரண்டுதான். ஒன்று ஏற்காடு. இன்னொன்று கொல்லிமலையையும் உள்ளடக்கிய சேந்தமங்கலம்.

இந்த ஊராட்சிகளில் எல்லாம், சட்டப்படி நடந்தே தீர வேண்டிய ஒரு மீட்டிங் இருக்கிறது. கிராம சபை. 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த 73-வது அரசியல் சட்டத் திருத்தம் கொடுத்த மீட்டிங். 1994-ஆம் வருடத்துத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் அதை உறுதி செய்தது. வாக்காளர் பட்டியலில் பேர் இருந்தால் போதும், நீங்கள் அதன் உறுப்பினர். எம்.எல்.ஏ. மாதிரி யாரும் உங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.

இந்த மீட்டிங்குக்குக் காலண்டரும் உண்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வருடத்துக்கு நான்கு என்று இருந்ததை ஆறாக்கியது 2022-இல். காலை 11 மணி என்பது வழக்கம். 2025 ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமை. பத்தரை முதல் பன்னிரண்டு ராகு காலம். அந்த நேரத்திலேயே ஊர் ஊராகக் கூட்டம் போட்ட அரசின் துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும்.

காலண்டர் இருக்கிறது. அதோடு இணைந்த ‘தயாரிப்பு உதவியாளர்’ இருக்கிறாரா?

இருக்கிறார். பல வருடமாக இருக்கிறார். அவர் பெயர் சர்க்குலர்.

ஒவ்வொரு கிராம சபைக்கு முன்பும் சென்னையில் ஊரக வளர்ச்சித் துறையிலிருந்து கூட்டப் பொருள் பட்டியல் ஒன்று கிளம்பும். கலெக்டர் ஆபீஸ் வழியாக ஒன்றிய அலுவலகம், அங்கிருந்து ஊராட்சி செயலர். ஊராட்சியின் வரவு செலவு, குடிநீர், டெங்கு தடுப்பு, சுகாதாரம், அந்த சீசனில் அரசு எதை விளம்பரப்படுத்த விரும்புகிறதோ அது. தமிழ்நாட்டில் இருக்கும் 12,000-க்கும் மேற்பட்ட ஊராட்சிகளுக்கும் அடிப்படையில் ஒரே பட்டியல். ராமநாதபுரத்தில் தண்ணீர் இல்லாத ஊருக்கும் அதுதான், கொல்லிமலையில் ரோடு இல்லாத குக்கிராமத்துக்கும் அதுதான்.

‘இதர பொருட்கள்’ என்று கடைசியில் ஒரு வரி இருக்கும். மக்களுக்குச் சொந்தமான வரி அது ஒன்றுதான். அதற்கு வருவதற்குள் சாப்பாட்டு நேரம் ஆகிவிடும்.

ஆக, ஆட்டோமேஷன் நமக்குப் புதிது இல்லை சார். மெஷின் இல்லாமலேயே மீட்டிங்கை ஆட்டோமேட் செய்த சாதனை நம் கோட்டைக்கு உண்டு.

*

இப்போது நிஜமான மெஷினும் வந்துவிட்டது.

ஒன்றிய அரசின் பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் கிராம சபைகளின் தேதியையும் பொருளையும் பதிவு செய்ய ‘வைப்ரன்ட் கிராம சபா’ என்று ஓர் இணையதளம் வைத்திருக்கிறது. அதுதான் டிஜிட்டல் காலண்டர். தமிழ்நாட்டில் கூட்ட நிகழ்வுகளைப் பதிவேற்ற ‘நம்ம கிராம சபை’ என்ற செயலி. 2025 ஆகஸ்டில் அதே அமைச்சகம் ‘சபாசார்’ என்ற ஏ.ஐ. கருவியை திரிபுராவிலிருந்து தொடங்கி வைத்தது. கிராம சபையின் ஆடியோவையோ வீடியோவையோ உள்ளே போட்டால், மினிட்ஸை அதுவே எழுதித் தரும். அரசின் ‘பாஷினி’ மொழிபெயர்ப்பு அமைப்பின் மேல் கட்டப்பட்டது. தமிழும் உண்டு.

தேதி ஒரு மெஷினில். மினிட்ஸ் ஒரு மெஷினில். நடுவில் பாக்கி என்ன? தயாரிப்பு. இரண்டையும் இணைத்து, ‘அடுத்த கூட்டத்துக்கு அஜெண்டாவும் இதுவே தயாரிக்கும்’ என்று யாரோ ஒரு ஆலோசகர் ஏதோ ஒரு ஏ.சி. அறையில் படம் போட்டுக் காட்டும் நாள் ரொம்பத் தூரத்தில் இல்லை. கை தட்டலும் கிடைக்கும்.

அந்தக் கை தட்டலுக்கு முன்னால் சில விஷயங்களைப் பேசிவிட வேண்டும்.

முதலில், காலண்டர் நேர்மையாக இருந்தால் அது என்ன சொல்லும் என்று பாருங்கள். நாமக்கல் உட்பட பெரும்பாலான மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. தேர்தல் நடக்கவில்லை. நிர்வாகம் தனி அலுவலர் கைக்குப் போனது. கிராம ஊராட்சிகளுக்கு வட்டார வளர்ச்சி அலுவலர்தான் தனி அலுவலர். ஒரு ஒன்றியத்தின் எல்லா ஊராட்சிகளுக்கும் ஒரே ஆள். கூட்டமோ எல்லா ஊரிலும் ஒரே நாள், ஒரே 11 மணி!

இதை எந்த செல்போன் காலண்டரில் போட்டாலும் சிவப்பு நிறத்தில் கத்தும். ‘ஒரே நேரத்தில் இத்தனை மீட்டிங்கா?’ என்று கேட்கும். நம் அரசு மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை. 2025-இல் சேந்தமங்கலம் ஒன்றியத்தில் நடந்த கிராம சபைகளில், தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் ஒருவர்கூட நாற்காலியில் இல்லை. பதில் சொல்ல வேண்டியவரே இல்லாத மீட்டிங்குக்கு எந்த மெஷின் என்ன தயாரிப்பு செய்து என்ன?

தேதி கதையும் அப்படித்தான். 2020 அக்டோபர் 2 கிராம சபை, கொரோனாவைக் காரணம் காட்டி முதல் நாள் ரத்தானது. 2025 அக்டோபர் 2 கூட்டம் 11-ஆம் தேதிக்குத் தள்ளிப் போனது. தள்ளிப் போடட்டும், காரணம் இருக்கலாம். அந்த மாற்றம் யார் காலண்டருக்கு முதலில் போய்ச் சேர்ந்தது? அதிகாரிக்கு மெயில். செயலருக்கு வாட்ஸ்அப். காரவள்ளியில் பஸ்ஸுக்கு நிற்கும் கூலித் தொழிலாளிக்கு? டீக்கடையில் யாராவது சொன்னால் உண்டு.

*

நான் பி.காம். படித்தவன். கம்பெனிச் சட்டம் எங்களுக்கு ஒரு பேப்பர். அதனால் ஒரு கணக்கைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு லிஸ்டட் கம்பெனியில் உங்களுக்கு ஒரே ஒரு ஷேர் இருக்கிறது என்று வையுங்கள். 2013 கம்பெனிச் சட்டப்படி, பொதுக்கூட்டத்துக்கு 21 முழு நாட்களுக்கு முன்பே உங்களுக்கு நோட்டீஸ் வர வேண்டும். என்ன பேசப்போகிறார்கள் என்ற பட்டியல் அதில் இருக்க வேண்டும். சிறப்புத் தீர்மானம் ஏதாவது என்றால், ஏன், எதற்கு, இதில் எந்த டைரக்டருக்கு லாபம் என்ற விளக்கம் கூடவே வர வேண்டும். வரவு செலவுக் கணக்கு கைக்கு வர வேண்டும். மினிட்ஸை 30 நாட்களுக்குள் எழுதி முடிக்க வேண்டும். பிரதி கேட்டால் 7 வேலை நாட்களுக்குள் தர வேண்டும்.

ஒரே ஷேர்! அதை விற்றால் டீ செலவுக்கு ஆகும் காசாக இருந்தாலும் இந்த மரியாதை உண்டு.

சேந்தமங்கலம் பக்கத்து ஊராட்சியில் பிறந்து வளர்ந்து, வீட்டு வரி, தண்ணீர் வரி கட்டி, சாகும்வரை அங்கேயே இருக்கப்போகிற அம்மாவுக்கு? 7 நாள் முன்னறிவிப்பு என்று விதி இருக்கிறது. பல ஊர்களில் அது ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டின ஒரு தாளோடு முடிந்துவிடுகிறது. வரவு செலவுக் கணக்கை கூட்டத்தில் யாரோ வேகமாக வாசிப்பார்கள். மினிட்ஸ் பிரதி கேட்டால், ‘எதுக்கும்மா உனக்கு?’

ஷேர்ஹோல்டரைத் தயார் செய்யச் சட்டம் இருக்கிறது. குடிமகனைத் தயார் செய்ய ஒரு தாளும் பசையும்தான் இருக்கிறது. இந்த நிலைமையில் அதிகாரி பக்கம் மட்டும் ஒரு ஏ.ஐ. உதவியாளரைக் கொண்டு உட்கார வைத்தால் என்ன ஆகும்? ஏற்கெனவே தயாராக வருபவர் இன்னும் தயாராக வருவார். எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் என்று மெஷின் அவருக்கு எடுத்துக் கொடுக்கும். எதிரில் இருப்பவருக்கு அன்று என்ன பேசப்போகிறார்கள் என்பதே தெரியாது. பரீட்சையில் ஒருவருக்கு மட்டும் நோட்ஸ் கொடுப்பதற்குப் பெயர் தொழில்நுட்பம் அல்ல.

*

‘கிராமத்து ஜனங்களுக்கு அஜெண்டா, மினிட்ஸ் எல்லாம் புரியுமா சார்?’ என்று ஒரு கேள்வி வரும். படித்தவர்கள்தான் அதிகமாகக் கேட்பார்கள்.

அவர்களுக்கு வரலாறு தெரியாது. தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுத் திட்டம் 1989-இல் தர்மபுரி மாவட்டத்தில் ஆரம்பித்தது. அடுத்த சில வருடங்களில் சேலத்துக்கு வந்தது. அப்போது நாமக்கல், சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது, 1997-இல்தான் பிரிந்தது. அன்றிலிருந்து குழுப் பெண்கள் கூட்டம் போடுகிறார்கள். தீர்மான நோட்டு எழுதுகிறார்கள். யாருக்குக் கடன், எத்தனை தவணை, யார் பாக்கி என்று வாசித்துவிட்டு எல்லோரும் கையெழுத்துப் போடுகிறார்கள். நம் கார்ப்பரேட் ஆபீஸ்களில் பாதிப் பேருக்கு இந்த ஒழுங்கு கிடையாது. முப்பது வருடமாக மினிட்ஸ் எழுதும் பெண்களைப் பார்த்து ‘புரியுமா’ என்று கேட்பது அறியாமை இல்லை, திமிர்.

மெஷினுக்கு அந்த ஊர் புரியுமா என்று கேளுங்கள், அது நியாயம். சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் புதன்சந்தை என்று ஓர் ஊர். பெரிய மாட்டுச் சந்தை கூடும் இடம். சந்தை நடப்பது செவ்வாய்க்கிழமை! ‘புதன்சந்தைக்குப் போயிட்டு வந்து பேசிக்கலாம்’ என்று ஒருவர் சொன்னால், எந்தக் கிழமை என்று அந்த ஊர்ச் சின்னப் பையனுக்குத் தெரியும். மெஷின் அதைப் புதன்கிழமை என்று காலண்டரில் குறித்து வைத்தால் யார் திருத்துவது?

இது சிரிப்பதற்கு. சிரிக்க முடியாத இடமும் இருக்கிறது.

2006 வன உரிமைச் சட்டப்படி, காட்டு நிலத்தில் யாருக்கு என்ன உரிமை என்று தீர்மானிக்கும் வேலையை ஆரம்பிக்க வேண்டியதே கிராம சபைதான். கொல்லிமலை மாதிரி ஊர்களுக்கு இது உயிர் விஷயம். அந்தக் கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்து, தன் பாட்டன் காலத்திலிருந்து எந்த ஓடையிலிருந்து எந்தப் பாறை வரை உழுதார்கள் என்று தன் பேச்சில் சொல்வார். அந்த ஓடையின் பெயர் எந்த மேப்பிலும் இருக்காது. மெஷின் எழுதும் மினிட்ஸ் என்பது சுருக்கம். சுருக்கம் என்றாலே எதையோ விடுவது. ‘நில உரிமை குறித்து உறுப்பினர் பேசினார்’ என்று ஒரு வரியில் அவர் கதையை முடித்துவிட்டால், நாளைக்கு அவர் கையில் ஆதாரம் இருக்காது. அடுத்த கூட்டத்துக்கான அஜெண்டாவையும் அந்த மினிட்ஸை வைத்தே மெஷின் தயாரித்தால், அந்த ஓடை நிரந்தரமாகக் காணாமல் போய்விடும்.

தீர்மானத்தில் ஒரு வரிக்கு என்ன பலம் என்று சந்தேகமா? ஒடிசாவில் நியமகிரி மலையில் பாக்சைட் எடுக்கலாமா என்பதில் கிராம சபைகள் முடிவெடுக்கட்டும் என்று 2013-இல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. 12 கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் ‘வேண்டாம்’ என்றன. வேதாந்தா திட்டம் நின்றது. நம் மதுரை அரிட்டாபட்டியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிராகக் கிராம சபைகள் தீர்மானம் போட்டன, மக்கள் தெருவுக்கு வந்தார்கள், சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. இந்தப் பொருள் எதுவும் சென்னை சர்க்குலரில் வந்ததில்லை. ‘போன தடவை என்ன பேசினோம்’ என்று பார்த்து அஜெண்டா போடும் எந்த மெஷினும் இதைத் தானாகக் கொண்டு வந்திருக்காது. ஊர் கொண்டு வந்தது.

*

இன்னொன்று, பாதுகாப்பு.

இப்படிப்பட்ட உதவியாளரை இணைக்கும்போது ‘உங்கள் காலண்டரைப் படிக்க அனுமதிக்கிறீர்களா?’ என்று ஒரு கட்டம் வரும். நாம் யோசிக்காமல் ‘சரி’யைத் தட்டுவோம். காலண்டரில் தேதிகள் மட்டுமா இருக்கின்றன? டாக்டரைப் பார்க்கப் போகும் நாள், வக்கீலைப் பார்க்கும் நாள், சீட்டுப் பணம் கட்டும் நாள் எல்லாம் அதில்தான்.

அதைவிடப் பெரிய வம்பு, காலண்டருக்குள் வெளியாளும் எழுதலாம் என்பது. மீட்டிங் அழைப்பு அனுப்பினால் போதும். 2025 ஆகஸ்டில் டெல் அவிவ் பல்கலைக்கழகம், டெக்னியன், சேஃப்பிரீச் நிறுவனம் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் இதைச் செய்து காட்டினார்கள். கூகுள் காலண்டர் அழைப்பின் தலைப்பில் ரகசிய உத்தரவை எழுதி அனுப்பினார்கள். ‘இந்த வாரம் எனக்கு என்ன மீட்டிங்?’ என்று வீட்டுக்காரர் ஜெமினியைக் கேட்டார். அது அந்த அழைப்பையும் படித்து, உத்தரவுக்குப் பணிந்து, வீட்டு லைட்டை அணைத்தது, ஜன்னலைத் திறந்தது. கூகுள் தடுப்பு போட்டுவிட்டதாகச் சொன்னது. நல்லது. ஆனால் பாடம் பாடம்தான். காலண்டரில் வருவதையெல்லாம் நம்பிச் செயல்படும் உதவியாளரை, அழைப்பு அனுப்பத் தெரிந்த யாரும் ஆட்டிவைக்க முயற்சி செய்யலாம். ஒரு வீட்டுக்கு நடந்தால் லைட் அணையும். ஓர் ஊராட்சிக்கு நடந்தால்?

*

அப்படியானால் மெஷினே வேண்டாமா? வேண்டும் என்றுதான் சொல்கிறேன். ஊராட்சி செயலர் படும் பாடு எனக்குத் தெரியும். வரி வசூல், குடிநீர், கணக்கு, போட்டோ, செயலியில் பதிவேற்றம் என்று ஒரே ஆள் பத்து வேலை பார்க்கிறார். மெஷின் அவர் சுமையைக் குறைக்கட்டும். ஆனால் இணைப்பு இந்தப் பக்கமும் வர வேண்டும். என் கோரிக்கைகள் இவை:

1. கிராம சபைத் தேதி, இடம், பொருள், வரவு செலவுச் சுருக்கம் எல்லாம் 7 நாட்களுக்கு முன்பே ஒவ்வொரு வீட்டுச் செல்போனுக்கும் தமிழில் வர வேண்டும். படிக்க முடியாதவர்களுக்குக் குரல் அழைப்பு. ரேஷன் கடையில் பருப்பு வாங்கினதற்கு மெசேஜ் அனுப்பத் தெரிந்த அரசுக்கு இது முடியாதா?

2. முதல் பொருள் எப்போதும் ஒன்றே ஒன்றுதான்: போன கூட்டத் தீர்மானங்கள் என்ன ஆச்சு? எந்த ஆபீசுக்குப் போனது, என்றைக்குப் போனது, என்ன பதில் வந்தது. மெஷின் அசுர வேகத்தில் செய்யக்கூடிய வேலை இது. இதைச் செய்யட்டும், நானே கை தட்டுகிறேன்.

3. சர்க்குலர் பட்டியல் பாதி, ஊர் கொடுக்கும் பட்டியல் பாதி. ஊர்ப் பட்டியலை மெஷின் தொகுக்கலாம். எதையும் நீக்கக் கூடாது.

4. மெஷின் எழுதும் மினிட்ஸ் வெறும் நகல். கூட்டம் கலைவதற்குள் சத்தமாக வாசித்து, ஊர் திருத்தி, அப்புறம்தான் கையெழுத்து. ஒலிப்பதிவு ஊராட்சியிலேயே இருக்க வேண்டும், கேட்பவருக்குக் கேட்கக் கிடைக்க வேண்டும்.

5. ஒரே நாள் இருக்கட்டும். ஒரே மணி வேண்டாம். பதில் சொல்ல வேண்டிய அதிகாரி ஊருக்கு ஊர் வந்து உட்காரும்படி நேரத்தைப் பிரித்துப் போடுங்கள்.

இதில் ஒன்றுக்குக்கூடப் புது விஞ்ஞானம் தேவையில்லை. மனசு இருந்தால் போதும். அதற்குத்தான் பஞ்சம்.

நகரத்தில் உட்கார்ந்து இதைப் படிக்கும் உங்களில் பாதிப் பேருக்குச் சொந்த ஊர் என்று ஒரு கிராமம் இருக்கும். அம்மாவோ அப்பாவோ மாமாவோ அங்கே இருப்பார்கள். மேலே சொன்ன ஆறு தேதிகளை உங்கள் செல்போன் காலண்டரில் போட்டு வையுங்கள். பத்து நாள் முன்னதாகவே ஊருக்கு ஒரு போன் போடுங்கள். ஒரே ஒரு கேள்வியைச் சொல்லிக் கொடுத்து அனுப்புங்கள்:

‘போன கூட்டத்துல போட்ட தீர்மானம் என்னங்க ஆச்சு?’

இந்தக் கேள்விக்குப் பதிலைத் தயார் செய்யச் சொல்லி மெஷினை அவர்கள் கேட்டுக்கொள்ளட்டும்.